உப்பும் தண்ணீரும்: கம்பம் பள்ளத்தாக்கின் எல்லையில் ஒன்றிய உருவாக்கம்

அண்டை நாடுகள் ஒன்றியமாகச் சேர்வது பற்றிப் பேச்செடுத்தாலே நம் ஆய்வாளர்கள் பாரிசுக்கும் ரோமுக்கும் போய்விடுகிறார்கள். 1951இல் ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகம்; 1957இல் ரோம் ஒப்பந்தம்; 1968இல் சுங்க ஒன்றியம்; பிறகு பொது நாணயம். இந்தப் படிவரிசைக்கு அரசியல் ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஹாஸ் 1958இலேயே விளக்கமும் தந்துவிட்டார்: ஒரு துறையில் நேரும் இணைப்பு அடுத்த துறையையும் இழுத்து வரும், வணிகம் முன்னே போனால் அரசியல் பின்னே வரும். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று பார்த்தால் இந்த விளக்கம் பாதிதான் தேறுகிறது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. இவ்வட்டார வயல்களில் இருபோகம் நெல் விளைவது மேற்கு மலைக்கு அப்பாலிருந்து வரும் பெரியாற்றுத் தண்ணீரால். அந்தத் தண்ணீர் கீழே இறங்குகிறது. வேலைக்குப் போகும் ஆட்கள் மேலே ஏறுகிறார்கள். விடியற்காலையில் கம்பம்மெட்டுச் சாலையில் நின்றால் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறுவதைக் காணலாம். மலையில் பறித்த ஏலக்காய் இடுக்கிப் பக்கம் புத்தடியிலும் ஏலம் போகிறது, இந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. வாழ்க்கை இப்படிப் பின்னிக் கிடந்தாலும், அந்த மலைமுகடு ஒரு காலத்தில் இரண்டு அரசுகளின் எல்லை: கீழே சென்னை மாகாணம், மேலே திருவிதாங்கூர்.

அந்த எல்லையில் சுங்கத்தை முதலில் எடுத்தது 1865ஆம் ஆண்டு ஒப்பந்தம். பிரிட்டிஷ் இந்தியா, திருவிதாங்கூர், கொச்சி மூன்றும் சேர்ந்து செய்துகொண்டது அது. அப்போது திருவிதாங்கூர்த் திவான் தி. மாதவராவ். பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து வரும் சரக்குகள்மீதான வரியைச் சமஸ்தானம் விட்டுக்கொடுத்தது. புகையிலை, உப்பு, அபின் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. வருவாய் இழப்புக்கு ஈட்டுத்தொகையும் பேசப்பட்டது. எல்லைச் சவுக்கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் உப்பு விலையைப் பிரிட்டிஷ் இந்திய விலையோடு ஒட்டி வைக்க வேண்டியிருந்தது. சமஸ்தானத்து ஏழையின் கஞ்சியில் விழும் உப்புக்கு விலை வேறோர் அரசின் கையில். சுங்க ஒன்றியம் என்றால் சம பங்காளிகளின் கூட்டு என்று நினைப்பவர்கள் இந்த உப்பைச் சற்று நக்கிப் பார்க்கலாம்.

ஜெர்மன் நாடுகளின் 1834ஆம் ஆண்டுச் சுங்கக் கூட்டமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். வரிவிகிதத்தில் பிரஷ்யாவின் கை ஓங்கியிருந்தது. ஆனால் வசூலை மக்கள்தொகைப்படி பங்கிட்டார்கள். ஒப்பந்தத்தைக் காலக்கெடு வைத்துப் புதுப்பித்தார்கள். சிறிய நாடுகள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே இருந்ததற்கு இந்தக் கணக்கு முக்கியமான காரணம். இக்கட்டுரையின் வாதமும் இதுதான்: ஒன்றியத்தைத் தாங்குவது நட்போ பிரகடனமோ அன்று, இழப்பவனின் கணக்கை எழுதுவதும், காலம் மாறியபின் அதைத் திருத்தி எழுத இடம் விடுவதுமே.

தண்ணீரில் அந்த இடம் விடப்படவில்லை. திருவிதாங்கூர் பிரிட்டிஷ் அரசுக்குத் தந்து 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான பெரியாறு குத்தகையின் காலம் 999 ஆண்டு; 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். பொறியாளர் பென்னிகுயிக்கின் அணை 1895இல் பயனுக்கு வந்தது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் இப்பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. குத்தகையில் நடுவர் தீர்ப்புக்கு வழி இருந்தது உண்மை. சென்னை அரசு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க முனைந்தபோது வழக்கு நடுவரிடம் போனது. 1941இல் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி, குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று தீர்த்தார். எழுதியிருப்பதற்கு நடுவர் பொருள் சொல்லலாம். எழுதாமல் விட்டதைச் சேர்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்கு இரு தரப்பும் மீண்டும் உட்கார வேண்டும்.

ரோம் ஒப்பந்தமும் காலவரையறை இல்லாததுதானே என்று மறுப்பு எழலாம். ஆம். ஆனால் அதைத் திருத்தும் வழி அதற்குள்ளேயே இருந்தது. 1986இலும் 1992இலும் பெரிய அளவில் திருத்தினார்கள். நிலக்கரி, எஃகு ஒப்பந்தத்துக்கோ 50 ஆண்டுதான் ஆயுள். 2002இல் முடிந்தது, யாரும் அழவில்லை. பெரியாற்றில் மீண்டும் உட்கார்ந்தது 1970 மே மாதத்தில். வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது, மின் உற்பத்தி உரிமை தமிழ்நாட்டுக்கு உறுதியாயிற்று. அன்று பேசித் தீர்த்தவை பெரும்பாலும் தீர்ந்தே இருக்கின்றன. 1979இல் எழுந்த அணைப் பாதுகாப்பு அச்சம் அந்தப் பேச்சில் இல்லாத பொருள். நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியதும் இங்கே இருபோகம் பற்றிய கவலை பிறந்தது. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் இருப்பவர்களின் பயமும் பொய்யன்று. பயத்துக்கு ஏக்கர் வாடகை போட முடியாது.

ஹாஸின் வரிசை இங்கே தலைகீழாகிறது. திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தது, 1949இல் கொச்சியோடு இணைந்தது, 1956இல் கேரளமாயிற்று. மலைமேலுள்ள தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. அரசியல் ஒன்றியம் முடிந்துவிட்டது. ஆனால் குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் விற்பனைவரிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. 1865இல் இரண்டு அரசுகளுக்கு நடுவே எடுத்த தடை, ஒரே நாட்டுக்குள் வேறு வேடத்தில் திரும்பிவந்தது. 2017 சூலை 1இல் சரக்கு, சேவை வரி வந்த பிறகே வரிக்காக லாரிகள் அங்கே காத்துக் கிடப்பது ஓய்ந்தது. அதற்கும் விலை இருந்தது: மாநிலங்களுக்கு ஆண்டுக்கு 14 விழுக்காட்டு வருவாய் வளர்ச்சி உறுதி, ஐந்தாண்டு ஈட்டுத்தொகை, முக்கால் பங்கு வாக்கு இல்லாமல் முடிவெடுக்க முடியாத ஒரு மன்றம். அந்த வாக்கில் மூன்றில் ஒரு பங்கு ஒன்றிய அரசின் கையில் என்பதால் பிரஷ்யாவின் வாடை இங்கும் அடிக்கிறது. ஆனாலும் கணக்கைத் திறந்து பேச ஒரு மேசை இருக்கிறது.

தண்ணீருக்கு அப்படி ஒரு மேசை அமையவில்லை. 2011 டிசம்பரில் அணைப் பிரச்சினை வெடித்தபோது குமுளி வழி அடைபட்டது, ஜீப்புகள் மலையேறவில்லை, கம்பத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் எல்லையை நோக்கித் திரண்டனர். நூற்றைம்பது ஆண்டுச் சந்தை இணைப்பும் ஏலத்தோட்டக் கூலியும் அந்த வாரங்களில் அரசியலை அடக்கிவிடவில்லை. வணிகம் நெருக்கத்தைத் தரும். சண்டையைத் தீர்க்கும் முறையைத் தானாகத் தந்துவிடாது. மாநிலங்களுக்கிடையிலான ஆறுகளுக்கு வாரியம் அமைக்க 1956இலேயே சட்டம் வந்தது. அதன்கீழ் ஒரு வாரியம்கூட அமையவில்லை.

2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி நீர்மட்டத்தை அனுமதித்தது. குத்தகை 1947இல் காலாவதியாகிவிட்டது என்ற கேரளத்தின் வாதத்தையும் ஏற்கவில்லை. தீர்ப்பில் செய்தித்தாள்கள் கொண்டாடிய அடிக்கணக்கைவிட மூவர் மேற்பார்வைக் குழுவே என் கண்ணுக்குப் பெரிது: மத்திய நீர் ஆணையத்திலிருந்து ஒருவர் தலைமையில், இரு மாநிலங்களுக்கும் ஒவ்வொருவர். அணையைப் பார்வையிடுவது, மதகு இயக்கம், பராமரிப்பு என்று அன்று அதற்குத் தரப்பட்ட வேலை குறுகியது. வண்டிப்பெரியாற்றின் அச்சத்தையும் அனுமந்தன்பட்டியின் இரண்டாம் போகத்தையும் ஒரே பொருள்நிரலில் வைக்கும் அதிகாரம் அதற்குத் தரப்படவில்லை. 1970இல் செய்ததுபோல் ஒப்பந்தத்தையே திறக்கும் பொறுப்பை இத்தகைய நிரந்தரக் குழு ஒன்றிடம் இரு அரசுகளும் ஒப்படைத்தால், நீதிமன்றத்துக்கு வெளியே பேச ஓர் இடமாவது கிடைக்கும்.