கடல் உப்பும் கணக்கேடும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சமுத்திரப் பிரயாணம் செய்த நீராவிக் கப்பல்களின் கொதிகலங்களுக்குக் கடல் நீரையே ஊட்டினார்கள் என்பதை நினைவிற்கொண்டால்தான், இயந்திர அறைக்கென்று தனியே ஒரு லாக் புத்தகம் எவ்வளவு அவசியமாயிற்று என்பது விளங்கும். கடல் நீரில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 32-ல் ஒரு பங்கு உப்பு இருக்கிறது. நீர் ஆவியாகி வெளியேற வெளியேற, அவ்வுப்பு உள்ளேயே செறிந்து, அதனோடு கலந்துள்ள சுண்ணாம்புச் சத்து கல்லைப்போல் தகடுகளின்மேல் படிந்து, நெருப்பின் உஷ்ணம் நீரைச் சேரவொட்டாமல் தடுக்க, இறுதியில் தகடே பழுக்கக் காய்ந்து புடைத்துவிடும். ஆகையால் வாட்சில், அதாவது தம் பணிமுறையில், நிற்கும் எஞ்சினீர் கொதிகலத்து நீரில் சிறிது எடுத்து, 32-ன் கூறுகளாகக் கோடிட்ட மானியை மிதக்கவிட்டு, அடர்த்தி வரம்பை நெருங்குவதைக் கண்டால், அடிக்குழாயைத் திறந்து ஒரு பகுதியைக் கடலுக்கே விட்டுவிடுவார். சூடேறிய நீரை இழப்பது நிலக்கரியை இழப்பதற்குச் சமானம். விடாமலிருப்பதோ கொதிகலத்துக்கே அபாயம். இவ்விரண்டுக்கும் இடையில் வழி காட்டியது, முந்தைய வாட்ச்காரர் எழுதி வைத்த அடர்த்தியும், ஆவியழுத்தமும், சுழற்சி எண்ணிக்கையும், எரித்த கரியின் அளவுமே.

இயந்திரத்தின் உட்புறம் கண்ணுக்குப் புலப்படாதது. அதன் நிலைமையை ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்க எழுத்தைவிடச் சிறந்த சாதனம் இல்லை என்பதே என் உறுதியான அபிப்பிராயம். 1859 செப்டம்பரில், தேம்ஸ் நதியை விட்டுப் புறப்பட்ட 'கிரேட் ஈஸ்டர்ன்' என்னும் மாபெருங் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் சென்றுகொண்டிருந்தபோது, புகைபோக்கியைச் சூழ்ந்திருந்த நீர்சூடேற்றும் உறையில் ஆவி வெளியேறும் குழாயின் அடைப்பு மூடியிருந்தமையால், உறை வெடித்துத் தீயூட்டிகள் சிலர் மாண்டனர். திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று எவரேனும் பார்த்துக் குறித்திருந்தால் தப்பியிருக்கக்கூடிய உயிர்கள் அவை. எழுத்தோடு, எழுதுபவரின் தகுதியும் முக்கியமே: 1862-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, அயல்நாடு செல்லும் நீராவிக் கப்பல்களின் எஞ்சினீர்களுக்குத் தகுதிப் பத்திரம் வேண்டுமென்று சட்டம் செய்தது.

சாமுவேல் ஹால் 1834-ல் உரிமை பெற்ற கண்டென்ஸர், ஆவியைக் கடல் நீரோடு கலக்காமல் குளிரவைத்து அதே நன்னீரை மீண்டும் கொதிகலத்துக்கு அனுப்பியது; அதன் வகைகள் பிற்காலத்தில் பரவியபோது உப்பின் தொல்லை குறைந்தது. ஆனால் சிலிண்டருக்கு இட்ட மிருகக் கொழுப்பு அந்நீரோடு கொதிகலத்துட் புகுந்து, அமிலமாகத் திரிந்து தகடுகளை அரிக்கலாயிற்று. கொழுப்பை விடுத்துக் கனிம எண்ணெயை நாடியதும், கொதிகலத்துள் துத்தநாகக் கட்டைகளைப் பொருத்தியதும் அதற்குக் கண்ட பரிகாரங்கள். கட்டைகள் தாமே கரைந்து தகட்டைக் காப்பவையாதலால், அவை எப்போது வைக்கப்பட்டன, எவ்வளவு தேய்ந்தன, அடுத்து எந்தத் துறைமுகத்தில் மாற்றவேண்டும் என்பனவும் எஞ்சினீரின் கணக்கில் சேர்ந்தன.