சட்டத்திற்காகச் செய்த மகிழுந்து

பெரிய மகிழுந்து நிறுவனங்கள் 1998 முதல் தம் விற்பனையில் நூற்றுக்கு இரண்டையேனும் புகையில்லா வண்டிகளாக்க வேண்டுமெனக் கலிபோர்னியா 1990-இல் விதித்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் ‘இவி1’ என்ற மின்சார மகிழுந்தை வெளியிட்டது; விற்கவில்லை, குத்தகைக்கே விட்டது. பின்னர் விதி தளர்ந்தது. விலைகொடுத்து வாங்க முன்வந்தோரிடமிருந்தும் வண்டிகளை மீட்டுப் பெரும்பாலானவற்றை நொறுக்கியது. ஓட்டியவர் ஒருவரும் உரிமையாளர் அல்லரே!

கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு இது பழகிய கதை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி அமைக்கச் சொன்னது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அதற்காகவே எழுந்த கொட்டகைகள் பல. நிலமோ தோட்டத்தினுடையது, தோட்டம் கைமாறியபோது பள்ளிகள் தவித்தன.

உங்கள் பள்ளி நிலம் யார் பெயரில் உள்ளது? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.