குளிர்காலத்துக்கு உகந்தது

இங்கிலாந்தின் குளிர்கால சூப்புகளில் ஒன்றுக்குத் தமிழ்ப் பெயர். அவர்கள் வாயில் 'முல்லிகடானி' ஆனது நம் மிளகுத் தண்ணீர்தான். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இதைப் பதிவு செய்வதோடு, சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கு இந்த சூப்பை வைத்தே 'மல்' என்று பட்டப்பெயர் இருந்ததையும் சொல்கிறது. ஆண்டவர்களை ரசத்தின் பெயரால் கிண்டல் செய்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

இசபெல்லா பீட்டனின் இல்ல நிர்வாக நூலில் (1861) இந்த சூப்புக்கான பட்டியலை நிதானமாகப் படித்தேன். கோழி அல்லது முயல், பன்றி இறைச்சி நான்கு துண்டு, ஆறு வெங்காயம், ஒரு பல் பூண்டு, அரைத்த பாதாம், இரண்டு மேசைக்கரண்டி கறிப்பொடி. புளி இல்லை, புளிப்புக்கு எலுமிச்சை ஊறுகாயோ மாங்காய்ச் சாறோ. மிளகைத் தனியே காணோம். இரண்டு மணி நேரம் ஆகும், எட்டுப் பேருக்குப் போதும், குளிர்காலத்துக்கு உகந்தது என்று குறிப்பு முடிகிறது. சளி பிடித்தால் நம் வீட்டில் தட்டிப் போட்டு இறக்குகிற தெளிநீர், அங்கே இறைச்சிக் குழம்பாகிவிட்டது.

பீட்டன் பல செய்முறைகளைப் பிறர் நூல்களிலிருந்து எடுத்தார். அதிகம் இழந்தவர் எலிசா ஆக்டன். கவிஞர். பொருள்களின் அளவையும் நேரத்தையும் தனியாகக் குறித்துச் செய்முறை எழுதும் முறையைக் கொண்டுவந்தவர். 1845இல் வந்த அவர் நூலிலும் இந்த சூப் உண்டு. தன் உழைப்பைப் பலர் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 1855 பதிப்பின் முன்னுரையிலேயே கோபப்பட்டு, தன்னுடைய செய்முறைகளுக்கு அடையாளமிட்டார். 1859இல் இறந்தார். பீட்டனின் புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பீட்டனைத் திருடி என்று சொல்லி முடித்துக்கொள்வது எனக்கு உவப்பில்லை. நூலைப் பதிப்பித்து விற்றவர் அவர் கணவர். 1865இல், பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சலில், 28 வயதில் பீட்டன் இறந்தார். அந்தப் பெயரோ பல பதிப்புகளில் விலைபோய்க்கொண்டே இருந்தது.

ஆக்டனுக்குக் கோபத்தை அச்சில் ஏற்ற ஒரு முன்னுரையாவது இருந்தது. மிளகுத் தண்ணீர் வைத்த நம் பெண்களுக்கு அதுவும் இல்லை. சென்னையின் வெள்ளைக்கார வீடுகளில் சமையல்காரர்கள் பெரும்பாலும் ஆண்கள்; அவர்களுடைய பெயர்களே அரிதாகத்தான் ஏட்டில் ஏறின. அவர்களுக்கு இந்த ருசியைப் பழக்கிய அம்மாக்கள் எங்கே ஏறப்போகிறார்கள்?

ஒன்று மட்டும் மாறாமல் போயிருக்கிறது. ஆக்டனும் சரி, பீட்டனும் சரி, இந்த சூப்போடு வெறும் சோறும் மேசைக்குப் போக வேண்டும் என்கிறார்கள்.