குழந்தைகளுக்காக ஒரு களஞ்சியம்: பெரியசாமித் தூரன்

காவிரியின் கீழ்கரையில் பள்ளிபாளையமும் மேல்கரையில் ஈரோடும் எதிரெதிரே நிற்கின்றன. அந்த ஈரோட்டிற்குத் தெற்கே, மொடக்குறிச்சியை அடுத்த மஞ்சக்காட்டுவலசு என்னும் சிற்றூரில் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் பிறந்தவர் ம. ப. பெரியசாமித் தூரன். அவர் பெயரைச் சொன்னவுடன் இசைவாணர் கீர்த்தனைகளை நினைப்பர். புலவர் கலைக்களஞ்சியத்தை நினைப்பர். பாரதி அன்பர்களோ, சுதேசமித்திரன் ஏடுகளில் சிதறிக் கிடந்த எழுத்துக்களைத் தேடித் திரட்டிப் 'பாரதி தமிழ்' என்று அவர் வெளியிட்ட தொண்டினை நினைப்பர். குழந்தைகளுக்காக அவர் எழுதியவை இவ்வரிசையின் கடைசியில், 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருவதே வழக்கமாகிவிட்டது. வரிசை தலைகீழாக அமைந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையை முறையாக நோக்குவோர்க்கு, குழந்தையே அதன் நடுவில் இருப்பது புலனாகும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்ற தூரன், 1931இல் பகத்சிங் தூக்கிலிடப்பட்டதை அடுத்துப் பட்டத் தேர்வை எழுத மறுத்தார். மாணவப் பருவத்திலேயே நண்பர்களுடன் கூடிப் 'பித்தன்' என்னும் இதழை நடத்தியவர் அவர். பின்னர் அவர் ஏற்றது ஆசிரியப் பணி. முதலில் கோபிசெட்டிபாளையத்திலும், அதன் பின் கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் பிள்ளைகளோடு பழகி, 1948 வரை அப்பணியில் இருந்தார்.

இவ்வாசிரியப் பருவத்தின் விளைவு என்ன என்பதை அவருடைய உளவியல் நூல்கள் காட்டும். 'குழந்தை உள்ளம்', 'குழந்தை மனமும் அதன் மலர்ச்சியும்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்' எனத் தலைப்புக்களே அவர் கருத்தைச் சொல்லும். அடியாத மாடு படியாது என்பதைப் பிள்ளை வளர்ப்புக்கும் சட்டமாகக் கொண்டிருந்த காலத்தில், பிள்ளைக்கும் ஒரு மனம் உண்டு, அதற்கும் தனி வளர்ச்சி நெறி உண்டு என்று எளிய தமிழில் எடுத்துரைப்பது சிறு செயலன்று. மேலை நாட்டு உளவியலைப் பள்ளிக்கூடத் திண்ணைக்குக் கொண்டுவந்த நூல்கள் இவை. குழந்தைக்கு எழுதப் புகுமுன் குழந்தையைப் படித்தவர் தூரன்.

அவர் எழுதிய சிறுவர் நூல்களுள் 'நாட்டிய ராணி', 'ஓலைக்கிளி', 'சூரப்புலி', 'மாயக்கள்ளன்', 'தரங்கம்பாடித் தங்கப் புதையல்' முதலியன குறிப்பிடத்தக்கவை. நாமக்கல் வட்டாரத்தார் ஒரு நூலைத் தனியே நினைக்கக் கடமைப்பட்டவர்கள். கொல்லிமலை என்றால் வல்வில் ஓரியும், கொல்லிப்பாவையும், அறப்பளீசுவரரும் நினைவுக்கு வருவது புலவர் மரபு. தூரனோ அம்மலைக்கு ஒரு குள்ளனைக் கொண்டு சேர்த்தார். 'கொல்லிமலைக் குள்ளன்' என்னும் அப்பெயரைக் கேட்ட பிள்ளை, நூலைத் திறவாமல் இராது. குழந்தைப் பாடல்களையும் அவர் எழுதியுள்ளார். ஆயினும் உள்ளதை உள்ளபடி சொல்வதானால், அழ. வள்ளியப்பாவின் பாடல்கள் பிள்ளைகள் நாவில் ஏறிக்கொண்ட அளவிற்குத் தூரன் பாடல்கள் ஏறவில்லை. சிற்சில இடங்களில் ஆசிரியர் எட்டிப் பார்க்கிறார். கதைகளில் அவ்வாசிரியர் வகுப்பறையிலேயே தங்கிவிடுகிறார்.

வித்தியாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் 1946இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தபோது, கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பொறுப்பு தூரனிடம் வந்தது. முதல் தொகுதி 1954இலும், பத்தாவது தொகுதி 1968இலும் வெளிவந்தன. 'இளந்தமிழா', 'மின்னல் பூ', 'நிலாப் பிஞ்சு' ஆகிய கவிதைத் தொகுதிகளைத் தந்த கவிஞர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதிலும், கலைச்சொற்களை ஒருமைப்படுத்துவதிலும், அச்சுப்படி பார்ப்பதிலும் நாள்களைச் செலவிட்டார். எத்தனை கவிதைகளை அவ்வலுவலகம் விழுங்கியது என்று கேட்பது நியாயமே. 1968இல் பத்மபூஷண் விருது அவரை அடைந்தது. அப்போது அவருக்கு வயது அறுபது. ஓய்வெடுத்துக்கொண்டு தம் கவிதைக்குத் திரும்பியிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

அவர் திரும்பவில்லை. அதே ஆண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது. 1976இல் அதுவும் பத்துத் தொகுதிகளாக நிறைவுற்றது. ஆங்கிலத்தில் ஆர்தர் மீ என்பார் குழந்தைகளுக்கான கலைக்களஞ்சியத்தைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய ஆண்டு 1908. தூரன் பிறந்ததும் அவ்வாண்டே. ஆங்கிலப் பிள்ளைக்குக் கிடைத்தது தமிழ்ப் பிள்ளைக்குக் கிடைக்க ஒரு மனிதரின் வயதளவு காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பெரியவர்க்கான களஞ்சியத்தைச் சுருக்கினால் சிறுவர்க்கான களஞ்சியம் ஆகிவிடும் என்று எண்ணுவது பிழை. பெரியவர்க்கு எழுதுவோர் ஒரு கலைச்சொல்லை இட்டுவிட்டு மேலே செல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு எழுதும்போது அச்சொல்லின் பின்னே ஒளிந்துகொள்ள இயலாது. பொருளையே எடுத்துக் காட்டியாக வேண்டும். எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே அங்குக் கடினம். குழந்தை எங்கே சலிக்கும், எங்கே வியக்கும் என்பதை அறிந்த ஒருவராலேயே அவ்வெல்லைகளை வகுக்க முடியும். உளவியல் நூல்களும், சிறுவர் கதைகளும், இருபதாண்டுப் பதிப்புப் பயிற்சியும் ஒன்றுசேர்ந்து பயன்பட்ட இடம் இதுவே. முதற் களஞ்சியத்தை அவருக்கு இடப்பட்ட பணி என்றால், இரண்டாவதை அவருடைய சொந்த நூல் என்றே சொல்லலாம்.

தறிச்சத்தத்திற்கிடையே பாடம் படிக்கும் பள்ளிபாளையத்துப் பிள்ளைகளைப் போன்றோர்க்கு, வீட்டில் ஆங்கில நூல் வாங்கித் தருவாரும் படித்துச் சொல்வாரும் இல்லாத காலத்தில், விண்மீனையும் விசைப்பொறியையும் பற்றித் தாய்மொழியில் தாமே படித்தறிய வழி செய்தவை அத்தொகுதிகள்.

தூரன் 1987ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் காலமானார். 1976க்குப் பின் அறிவியல் வெகுதொலைவு சென்றுவிட்டமையால், குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் செய்திகள் பல பழமையடைந்துள்ளன; அதன் நடை பழமையடையவில்லை. அவ்விரு களஞ்சியங்களையும் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வடிவில் தந்துள்ளது. கொல்லிமலைக் குள்ளனும் விக்கிமூலத்தில் குடியேறியிருக்கிறான்.