அட்டையில் ஒரு நீராவி யந்திரம்



எங்கள் தோட்டப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சென்ற தவணை ஓவிய வகுப்பில் ஒரு ரயில் எஞ்சினைச் செய்தார்கள். எல்லாம் கடையிலிருந்து வாங்கி வந்த பழைய அட்டைப் பெட்டிகள்தாம். பெட்டி அட்டையின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டால் உள்ளே நெளிநெளியான வரிகள் தெரியும். நம் ரப்பர் ஷீட்டின் வரிகளைப் போலவே இருக்கும். கொதிகலனுக்கு அதைச் சுற்றினோம். பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்துக் காய விட்டால் அவை ஆணித்தலைகள். கறுப்புச் சாயம் பூசி, மேலே செம்பு நிறத்தை லேசாகத் தேய்த்தால், தூக்கிப் பார்க்கும்வரை இரும்பு என்றே நம்பலாம்.

இவ்வகைக் கலைக்கு மேல்நாட்டில் ‘ஸ்டீம்பங்க்’ என்று பெயர். மின்சாரம் வராமல் நீராவியே உலகை ஆண்டிருந்தால் யந்திரங்கள் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை அது. ஜீட்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1987-இல் சூட்டிய பெயர். ஆனால் கற்பனை பழையது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1880-இல் எழுதிய நாவலில் ஒரு நீராவி யானை இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவில் பயணம் செய்கிறது! அவர் பிறந்த நாந்த் நகரில் 2007 முதல், மரமும் எஃகும் கொண்டு செய்த 12 மீட்டர் உயர யானை ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நடந்துவருகிறது. இதைச் சொன்னதும் பாதி வகுப்பு யானைதான் வேண்டுமென்றது. ரயில் ஒரு வாக்கில் வென்றது.

பிள்ளைகளுக்கு நான் ஒரே நிபந்தனை விதித்தேன். ஒட்டுகின்ற ஒவ்வொரு சக்கரமும் குழாயும் என்ன வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். அழகுக்காக ஒட்டக் கூடாது. ஆகவே நீராவியின் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. தண்ணீர் கொதித்து ஆவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். இடம் கொடுக்காமல் அடைத்து வைத்தால் அது முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலே உருளைக்குள் உள்ள தண்டை ஓட்டிச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அளவுக்கு மீறிய ஆவியை வெளியேற்ற ஒரு காப்புவாய் உண்டு. அது இல்லாவிட்டால் கொதிகலன் வெடிக்கும்.

இந்த நாட்டில் முதல் ரயில் 1885-இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. நம் கெடா 1909-இல் சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் பிடிக்கு வந்தது. 1915-இல் ரயில் அலோர் ஸ்டாரை எட்டியது. 1918-இல் பாடாங் புசார் எல்லையில் சயாம் பாதையோடு சேர்ந்தது. சுங்கை பட்டாணி, பீடோங், குரூண் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பருக்குத் துறைமுகம் போக இருப்புப்பாதை கிடைத்தது. 1957-இல் டீசல் எஞ்சின்கள் வரத் தொடங்கின. இன்று மின்சார ரயில் ஓடுகிறது. பாதை ஓரம் வளர்ந்த பிள்ளைகளுக்கும் ‘குப்குப்’ என்ற சத்தத்தை நான்தான் வாயால் செய்து காட்ட வேண்டியிருந்தது.

பெற்றோர் தினத்தன்று எஞ்சினை வாசலில் வைத்தோம். முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள் சரியாகவே இருந்தன. ஒரு மாணவியின் கொள்ளுப்பாட்டி, தொண்ணூறை நெருங்கியவர், குனிந்து அடியில் பார்த்தார்.

“என்னா வாத்தியாரே, வண்டி இருக்கு, கட்டையைக் காணோமே? எங்கப்பா அங்கே கட்டை தூக்கத்தானே போனாரு.”

எங்கே என்று நான் கேட்கவில்லை. நம்மில் பலர் வீட்டிலும் ‘சயாமுக்குப் போனார்’ என்றால் அதற்கு ஒரே பொருள்தான்.

ஜப்பானியர் ஆட்சியில் ரப்பருக்கு விலையில்லை, அரிசியும் இல்லை. மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று ஆசை காட்டியும், பிறகு பலவந்தமாகவும் மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர். சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர் 17-இல் இணைந்தது. நம் நாட்டுக் கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்து அங்கே போட்டார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் ஆயிரமாயிரமாய் ஆட்களைத் தின்றன. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. நம்மவர்க்கு அப்படி இல்லை. அந்தப் பாதையில் ஓடிய சி 5631 என்ற எஞ்சினோ 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பி, டோக்கியோவில் மெருகு குலையாமல் காட்சிக்கு நிற்கிறது. யந்திரத்துக்குக் கிடைத்த பாதுகாப்பு இது!

பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அப்பா திரும்பவில்லை. எஞ்சினின் புகைபோக்கியைத் தடவிவிட்டு, “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றார்.

மறுவாரம் பிள்ளைகள் அட்டையை மடித்து 40 கட்டைகள் செய்தார்கள். சயாமுக்குப் போனவர் வீட்டில் உண்டா, பெயர் என்ன என்று பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னேன். ஒன்பது பெயர்கள் வந்தன. அவற்றைக் கட்டைகளில் எழுதிவிட்டோம். மற்ற 31 கட்டைகளும் வெறுமையாகவே எஞ்சினுக்கு அடியில் இருக்கின்றன.