அறளை பெயர்தலும் வன்னியின் சமூக வரலாறும்

முதுமையில் நினைவும் நிதானமும் குலைந்தவரை ‘அறளை பெயர்ந்தவர்’ என்பது ஈழத்துத் தமிழர் பேச்சுவழக்கு. நரையைப் போன்று மறதியும் வயதின் இயல்பே என்னும் கருத்து இவ்வழக்கினுள் உறைந்துள்ளது. 1906ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர், ஐம்பதுகளில் நினைவிழந்து மறைந்த பெண்ணொருவரின் மூளையில் தாம் கண்ட மாற்றங்களை மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். மறதிநோய் முதுமையின் நியதியன்று, மூளையைத் தாக்கும் நோய் என்னும் தெளிவு அதன் பின்னர் படிப்படியாகவே வேரூன்றியது.

மூளையின் நோயெனினும் அது சமூகத்துக்குப் புறம்பானதன்று. 2024இல் ‘லான்செற்’ ஆய்விதழின் ஆணைக்குழு, மாற்றியமைக்கத்தக்க 14 காரணிகளை வகுத்துரைத்தது. கல்விக் குறைவு, செவிப்புலன் இழப்பு, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு என்பன அவற்றுட் சில. இக்காரணிகள் யாவும் நீங்குமாயின் உலகின் மறதிநோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு.

இப்பட்டியலைக் கையிற்கொண்டு வன்னியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம். 1996இல் கிளிநொச்சி நகர் போர்க்களமாயிற்று. 2004 டிசெம்பர் 26இல் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் மக்கள் மேற்கிலிருந்து கிழக்காகத் துரத்தப்பட்டு முள்ளிவாய்க்காலில் முடக்கப்பட்டனர். எஞ்சியோர் வவுனியா மாவட்டத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012இலேயே மூடப்பட்டது. இடைநின்ற பள்ளிப்படிப்பு, எறிகணையோசை தாக்கிய செவிகள், தலையிற் பாய்ந்த சன்னங்கள், உறவிழந்த தனிமை ஆகியன ஓரிருவரின் துயரங்களல்ல. ஒரு தலைமுறையின் வாழ்நிலை. மருத்துவர் வகுத்த பட்டியலை இங்கு வரலாறே நிரப்பியிருக்கின்றது.

எனினும் மறதி யாவும் மறதிநோயாகிவிடாது. வன்னியின் ‘கூட்டு மனவடு’ பற்றி உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010இல் விரிவாக எழுதினார். ஆறாத் துயரும் மனச்சோர்வும் நினைவை மங்கச் செய்வன. தைரொயிட் சுரப்புக் குறைவும் உயிர்ச்சத்து பி12 பற்றாக்குறையும் அவ்வாறே. இவை சிகிச்சைக்கு உட்படுவன. எல்லாவற்றையும் ‘அறளை’ என ஒதுக்குவது, திறந்திருக்கும் கதவையும் நாமே சாத்துவதாகும்.

2009இல் இருபது வயதினராயிருந்தோர் 2054இல் அறுபத்தைந்தை எட்டுவர். ஆகவே இவ்வரலாறு இன்னும் முடிவுறவில்லை. காணி எல்லைகளையும், குளங்களின் பெயர்களையும், காணாமற் போனோரின் முகங்களையும் நினைவிற் சுமப்போர் வன்னி முதியோரே. அவர்களுக்கு வேண்டிய செவிக்கருவியும், கண்ணாடியும், கிராமத்தை நாடிவரும் மருத்துவமும், பேச்சுத்துணையும் கருணையால் ஈயப்படுவன அல்ல. சமூகம் அவர்களுக்குச் செலுத்தவேண்டிய கடன் என்பதே நமது துணிபு.