றலி சைக்கிளிலிருந்து எண்ணெய் பிறேக் வரை



2022 எரிபொருள் தட்டுப்பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். மன்னார்த் தீவில் ஆசிரியர்களான நாங்கள் மோட்டார் சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு மறுபடியும் சைக்கிள் மிதித்தோம். சிலர் வாங்கியது ஹைட்ரோலிக் டிஸ்க் பிறேக் பூட்டிய பழைய சைக்கிள். சில மாதங்களில் எங்களில் ஒருவருடைய பிறேக் பிடி, அழுத்த அழுத்த காண்டிலோடு போய் ஒட்டியது. நல்லவேளை, அது தாம்போதியில் நடக்கவில்லை, பாடசாலை வாசலில் நடந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் அப்படி ஆனது என்று தேடியபோதுதான் பிறேக்கின் வரலாறு எங்களுக்குப் பாடமானது.

எங்கள் வாப்பாமார் எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் ஓடிய றலி சைக்கிளில் கம்பி பிறேக். பிடியை இழுத்தால் இரும்புக் கம்பி றப்பர்க் கட்டையைத் தூக்கி றிம்மில் அழுத்தும். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும், கட்டை தேயும், மழையில் வழுக்கும். ஆனால் பழுது கண்ணுக்குத் தெரியும். ஒரு ஸ்பனர் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே திருத்தலாம்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்குப் போன எங்கள் குடும்பங்கள் வீடு வாசலோடு சைக்கிளையும் விட்டுப் போயின. எங்கள் தலைமுறை சைக்கிள் ஓடப் பழகியது புத்தளத்து முகாம்களில். இங்கே இருந்த தமிழ் உறவுகளுக்கும் எரிபொருள் கிடைக்காத யுத்த காலத்தில் சைக்கிள்தான் வண்டி, அதுதான் அம்புலன்ஸ். 2009க்குப் பிறகு திரும்பி வந்த எங்களுக்குச் சைக்கிள் திருத்தித் தந்தது அந்தக் கைகள்தான்.

ஆனால் எண்ணெய் பிறேக் அந்தக் கைகளுக்கும் புதிது. அதன் வேர் பழையது. மூடிய திரவத்தில் கொடுக்கும் அமுக்கம் எல்லாப் பக்கமும் சமமாகக் கடத்தப்படும் என்று 17ஆம் நூற்றாண்டில் பஸ்கால் சொன்னதை நாங்கள் வகுப்பில் படிப்பிக்கிறோம். 1902இல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் டிஸ்க் பிறேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் அமெரிக்காவின் டூசன்பேர்க் கார் நான்கு சில்லிலும் ஹைட்ரோலிக் பிறேக்கோடு வந்தது. 1953இல் டிஸ்க் பிறேக் பூட்டிய ஜாகுவார் லெ மான் ஓட்டத்தை வென்றது. சைக்கிளுக்கு இது பரவலாக வந்தது 1990களுக்குப் பிறகுதான்.

எங்கள் நண்பரின் சைக்கிளில் நடந்தது இதுதான். ஷிமானோ பிறேக்குக்கு மினரல் எண்ணெய் விட வேண்டும். யாரோ காருக்கு விடும் டொட் எண்ணெயை விட்டிருந்தார்கள். உள்ளிருந்த றப்பர் சீல் ஊதிக் கெட்டு எண்ணெய் கசிந்தது, வளி புகுந்தது. எண்ணெய் சுருங்காது, வளி சுருங்கும். பிடித்த பலம் அந்த வளியைச் சுருக்குவதிலேயே போய்விட்டது. வேறு சில கம்பனிகளின் பிறேக் டொட் எண்ணெயைத்தான் கேட்கும். எது என்று பிடியின் மூடியிலேயே பார்க்கலாம்.

பட்டுத் தெரிந்துகொண்ட மற்றவை:

பிடி பஞ்சு போல இருந்தால் வளி எடுக்க வேண்டும். ஓடவே கூடாது.

கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் டிஸ்க்கில் எண்ணெய் பட்டிருக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கைத் துணியால் மூடுங்கள்.

சில்லைக் கழற்றிவிட்டுப் பிடியை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திருத்தினால் குழாய்க்குள் வளி போகலாம்.

பேட்டின் உராயும் பகுதி 0.5 மில்லிமீற்றர் வரை தேய்ந்தால் மாற்றுங்கள். கடற்கரையால் வந்தால் உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

வாப்பாமாரின் கம்பி பிறேக் பழுதாகும் முன் கண்ணுக்குக் காட்டியது. இது கைக்கு மட்டும்தான் சொல்லும். அதனால் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றும் முன் இரண்டு பிடியையும் ஒருதரம் அழுத்திப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.